அளவுக்கை

அடோனாரா தீவில் யானை கிடையாது. இன்றைக்கு இல்லை என்று சொல்லவில்லை, என்றைக்குமே இருந்ததில்லை. அங்கே முக்கால்வாசிப் பேர் யானையைப் பள்ளிக்கூடத்துப் படத்தில் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் கல்யாணம் செய்ய வேண்டுமென்றால் பெண் வீட்டுக்கு யானைத் தந்தம் கொடுக்க வேண்டும். ஆடு தருகிறேன், தென்னந்தோப்பைத் தருகிறேன் என்றால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். எந்தக் காலத்திலோ எந்தக் கப்பலிலோ வந்து இறங்கிய தந்தங்கள்தான் இன்னமும் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அக்காளைக் கட்டிக் கொடுத்தால் ஒரு தந்தம் வரும். தம்பிக்குப் பெண் எடுத்தால் அதே தந்தம் போகும். அக்காள் இல்லாதவன் மலேசியாவுக்குப் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் முதுகு ஒடிய உழைத்து, விற்பவன் எவனாவது அகப்பட்டால் ஒரு தந்தத்தோடு திரும்பலாம். திரும்பாமலே இருந்துவிடவும் செய்யலாம். நிறையப் பேர் இரண்டாவதைத்தான் செய்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

லெவோகேலா கிராமத்து சுபானின் அண்ணன், ஒரு பையனை ஊரில் விட்டுவிட்டு மலேசியாவுக்குப் போனவன். சுபானுக்கு அக்காளும் இருந்தாள். பெனி என்று பெயர். அவளைக் கடலுக்கு அந்தப் பக்கத்துத் தீவில் கட்டிக் கொடுத்தபோது வந்த தந்தம், அவள் பாய் விரித்துத் தூங்கிய மூலையிலேயே சுவரோரமாகச் சாய்ந்திருந்தது. பெனி போன பிறகு அந்த மூலையைப் பார்க்கும்போதெல்லாம் சுபானுக்கு நெஞ்சு கனக்கும். அக்காளை எடுத்துக்கொண்டு இந்த எலும்பைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்களே என்று தோன்றும். ஆனால் கேவாவைப் பார்த்த பிறகு, அக்காள் தனக்காகத்தான் அந்த மூலையை விட்டுப் போயிருக்கிறாள் என்று சமாதானம் செய்துகொண்டான்.

கேவா அதே ஊரில் கள் இறக்கும் லாமெனின் மகள். தந்தத்தைப் பிறகு முறையாக அளந்து வாங்கிக்கொள்ளலாம் என்று லாமென் மகளை முன்கூட்டியே சுபான் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஊரில் அது சகஜம்தான். ஆனால் ஒரு கெடு உண்டு. பிள்ளை பிறப்பதற்குள் தந்தம் பெண் வீட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். நுழைந்தால் பிள்ளை அப்பன் குலம். நுழையாவிட்டால் பிள்ளை அம்மாவின் பிறந்த குலம். பிள்ளையும் தாயும் தாத்தா வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். கேவாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

"தந்தம்தான் வீட்டுலயே இருக்கே, அப்புறம் என்ன கவலை?" என்றான் சுபான்.

"உன் வீட்டுல இருந்தா போதாது. மாமா கையில அளந்து சரியா வரணும்" என்றாள் கேவா.

கேவா சொன்ன மாமாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் பெண்ணின் தாய்மாமன் வலது கையை நீட்டுவான். அவன் விரல் நுனியில் தந்தத்தின் கூர்முனையை வைத்து, கையோடு ஒட்டிப் படுக்க வைப்பார்கள். அடிப்பக்கம் முழங்கை வரை வந்தால் முழங்கை அளவு, நெஞ்சுக்குழியைத் தொட்டால் நெஞ்சளவு, எதிர்த் தோளைத் தொட்டால் தோளளவு. எந்தக் குலத்துப் பெண்ணுக்கு எந்த அளவு என்பது முன்னோர் காலத்திலேயே முடிவான விஷயம். கேவாவின் குலத்துக்கு நெஞ்சளவு. இதில் தகராறு வந்தது. பெண் வீட்டார் எங்கெங்கிருந்தோ கை நீண்ட மாமன்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் குள்ளமான மாமன் உள்ள பெண்களாகத் தேடி அலைந்தார்கள். குள்ள மாமன் வாய்த்த பெண்கள் ஊரில் தரையில் நடக்கவில்லை.

அதை ஒழுங்குபடுத்தத்தான் மரபு மன்றம் ஏற்பட்டது. மன்றம் கூடிப் பேசி, ஊருக்கெல்லாம் இனி ஒரே கை என்று தீர்மானித்தது. படகுத் தச்சன் மாசானின் வலது கை அளவுக்கையாக நியமனம் பெற்றது. நியமனம் கைக்குத்தான், மாசானுக்கு இல்லை. அவர் அதைச் சுமந்துகொண்டு வருகிறவர், அவ்வளவே. அந்தக் கைக்குச் சிவப்புத் துணி சுற்றினார்கள். அது இனி உளி பிடிக்கக் கூடாது, துடுப்புப் போடக் கூடாது, தண்ணீர் மொள்ளக் கூடாது, ஈ ஓட்டக் கூடாது. கோயிலில் பாதிரியார் சமாதானத்துக்காகக் கைகுலுக்கச் சொல்லும்போது மாசான் மட்டும் தலையை ஆட்டிவிட்டு நிற்பார்.

அளவு நாளன்று சுபான் தந்தத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவி மன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். மன்றத் தலைவர் கெரோடா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஐந்து பேர் கூடினாலும் அவருக்கு ஒலிபெருக்கி வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமல் அவர் பேசி அவர் மனைவியே கேட்டதில்லை என்பார்கள்.

மாசான் கையை நீட்டினார். தந்தத்தைப் படுக்க வைத்தார்கள். நெஞ்சுக்குழிக்கு இரண்டு விரல் முன்னாலேயே தந்தம் நின்றுவிட்டது.

"ஐயா, இதே தந்தம், இதே மாமா கையில, எங்க பெனி அக்கா கல்யாணத்துல நெஞ்சுக்குழியத் தொட்டுச்சே! நான் கண்ணால பாத்தேன்" என்றான் சுபான்.

தலைவர் ஒலிபெருக்கியை வாயருகில் கொண்டுபோனார். "தொட்டது. ஒத்துக்கறேன். இப்ப தொடல. அதை நீ ஒத்துக்கணும். சரி, யோசிச்சுப் பாப்போம். இது மன்றத்தோட கை. மன்றத்தோட கை மாறுமா?"

"மாறாது" என்றார்கள் சபையில்.

"அப்ப மாறினது எது?"

எல்லோரும் தந்தத்தைப் பார்த்தார்கள்.

"யானை செத்து எத்தனையோ காலம் ஆச்சுங்களே. தந்தம் எப்படிங்க குறையும்?"

"செத்த பிறகு எதுடா வளந்திருக்கு? குறையத்தான் செய்யும். வீட்டுல மரியாதை குறைஞ்சா தந்தம் குறையும். நீ அதைச் சுவத்துல சாத்தி வச்சிருந்தியாமே, விளக்குமாத்துப் பக்கத்துல?"

விளக்குமாறு பக்கத்தில் இருந்தது உண்மைதான். சுபான் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கே தந்தத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. கையும் தந்தமும் ஒத்துப்போகிற வரை அளவுக்கை மாப்பிள்ளை வீட்டிலேயே தங்கி உண்ணும், ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து அளக்கப்படும் என்று மன்றம் தீர்ப்புச் சொன்னது.

அப்படியாக மாசான் சுபான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சுபான் வீட்டில் வழக்கமாக இடித்த சோளமும் பொரித்த மீனும்தான். அளவுக்கைக்கு அது ஆகாது. பன்றிக்கறி வேண்டும், தேங்காய்ப்பால் குழம்பு வேண்டும், மதியத்துக்கு ஒரு குடுவை, சாயங்காலத்துக்கு ஒரு குடுவை கள் வேண்டும். வலது கையால் அவர் சாப்பிடக் கூடாது, இடது கையால் சாப்பிடுவது அசிங்கம். ஆகவே மாப்பிள்ளைதான் ஊட்டிவிட வேண்டும். காலையில் வலைக்குப் போய்வந்து, சோளக்காட்டில் களை பறித்துவிட்டு வந்து, சுபான் கை கழுவிக்கொண்டு மாசானுக்கு எதிரே உட்காருவான்.

"நல்லா ஊட்டுற. நம்ம பிள்ளை பொறந்தா எனக்கு வேலையே இருக்காது" என்பாள் கேவா.

"வாய மூடு. மாமா, வாயத் தொறங்க."

முதல் ஞாயிறு அளந்தார்கள். இரண்டு விரல் மூன்று விரலாகியிருந்தது. அடுத்த ஞாயிறு நான்கு விரல். தந்தம் இன்னும் மரியாதை பத்தவில்லை என்று சொல்கிறது என்றார் தலைவர். சுபான் அதற்குப் பாய் விரித்தான், பூப் போட்டான், காலையும் மாலையும் கும்பிட்டான். நான்கு விரல் உள்ளங்கை நீளமாயிற்று. கேவாவின் வயிறு ஒரு பக்கம் வளர, தந்தம் ஒரு பக்கம் குறைய, சுபானுக்குத் தூக்கம் போயிற்று.

கேவாதான் கண்டுபிடித்தாள். மாசானின் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தவள் அதைப் பிழிந்து உதறி அவனிடம் காட்டினாள். வயிற்றுப் பக்கத்துப் பொத்தான்கள் எல்லாம் தெறித்துப் போயிருந்தன.

"தந்தம் சுருங்குச்சோ என்னமோ, மாமாவோட சட்டை சுருங்கிருச்சு, பாத்தியா?"

சுபான் சட்டையைப் பார்த்தான். பிறகு வாசலில் மரத்தடியில் சாய்ந்திருந்த மாசானைப் பார்த்தான். மார்பு மேடாகி, புஜம் பூசணிக்காயாகி, அந்த மேட்டில் ஏறி இறங்கித்தான் தந்தம் நெஞ்சுக்குழிக்குப் போக வேண்டியிருந்தது. அந்த மேட்டைக் கவளம் கவளமாக உருட்டிப் போட்டு வளர்த்தவன் அவனேதான். பெனி கல்யாணத்தில் அளந்தபோது மாசான் நேற்றுவரை படகு செதுக்கிய ஒல்லி மனிதர். உட்கார வைத்துச் சோறு போட்டதில்தான் ஊரிலுள்ள தந்தமெல்லாம் குறைந்துகொண்டு வந்திருக்கிறது.

மன்றத்தில் போய் அதை நேராகச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. மீட்டர் நாடா ஒன்றால் அளந்து பார்க்கலாமே என்று மட்டும் கேட்டான். தையல்காரரிடம் இருக்கிறது, இரவல் வாங்கி வருகிறேன் என்றான்.

தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். அந்தப் பேச்சை ஊரில் இன்றும் சிலர் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

"நாடா! நம்ம பொண்ணுங்க என்ன ஜன்னல் துணியா, நாடாவுல அளக்கறதுக்கு? வெளியூர்க்காரன் நம்மளப் பாத்து, இவங்க பொண்ண விக்கிறாங்கன்னு சொல்றான். எவ்வளவு பெரிய அவதூறு! வித்தா என்ன ஆகும்? பொருள் கைமாறும், கணக்கு முடியும், வாங்கினவன் நிம்மதியாப் போவான். நம்ம மரபுல அப்படி யாராவது நிம்மதியாப் போயிருக்கானா? எங்க தாத்தா எங்க பாட்டிக்குக் குடுக்க வேண்டிய சீரை எங்க அப்பா குடுத்தார். எங்க அப்பா எங்க அம்மாவுக்குக் குடுக்க வேண்டிய சீரை நான் இன்னும் குடுத்துக்கிட்டிருக்கேன். நம்ம கணக்கு முடியவே முடியாது! அதுக்குப் பேருதான்யா உறவு!"

சபை கைதட்டியது. சுபானும் தட்டினான். பக்கத்தில் எல்லோரும் தட்டும்போது சும்மா இருக்க முடியாது.

வெளியே வந்ததும் லாமென் அவன் தோளில் கை போட்டார். "மாப்ள, எனக்குத் தந்தமும் வேணாம் ஒண்ணும் வேணாம். அத வச்சு நான் என்ன பண்ணப் போறேன், கள்ளு கலக்கவா? ஆனா வேணாம்னு சொல்ற உரிமை எனக்கு இல்லப்பா. அது குலத்துச் சொத்து. மகதான் என்னோடது."

"மகளும் குலத்துச் சொத்துன்னுதான் சொல்றாங்க மாமா."

லாமென் அவன் தோளிலிருந்து கையை எடுத்தார். தென்னைமரம் ஏறப் போய்விட்டார்.

அன்றைக்கு ஊட்டும்போது மாசான் வாயைத் திறக்கவில்லை. சுபான் கவளத்தைப் பிடித்தபடி காத்திருந்தான்.

"தம்பி, எனக்குப் பசிக்கறதே இல்லப்பா. சும்மா உக்காந்திருக்கறவனுக்கு எங்கேர்ந்து பசிக்கும்? நீ ஊட்டுற, நான் முழுங்குறேன். வேணாம்னு சொன்னா மரபை அவமதிச்சேம்பாங்க." அவர் சிவப்புத் துணி சுற்றிய கையைப் பார்த்தார். "இந்தக் கையால நாப்பது படகு செஞ்சிருப்பேன். என் பொண்டாட்டி செத்தப்ப அவ மேல ஒரு பிடி மண்ணு போட இந்தக் கைய விடல. இடது கையாலதான் போட்டேன்."

கேவா அடுப்பங்கரையிலிருந்து வந்து அவர் முன் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வந்தது, அதை அடக்கிக்கொண்டு கேட்டாள். "மாமா, நீங்க பட்டினி கிடப்பீங்களா, எனக்காக?"

"அதுக்கென்ன, ஆனந்தமாக் கிடப்பேன்" என்றார் மாசான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு நாடகம் நடந்தது. கறி வெந்தது, குழம்பு மணத்தது. தெருவில் யாராவது வந்தால் சுபான் வெறும் கையை மாசான் வாய்க்குக் கொண்டுபோவான். அவர் வெறும் வாயை மென்று, பேஷ் பேஷ் என்பார். ஆள் தலை மறைந்ததும் கேவா அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவாள். வயிற்றுப் பிள்ளைக்காவது கறி கிடைத்ததே என்று மாசான் சிரிப்பார். அவருக்குச் சோளக்கஞ்சி ஒரு குவளை. கதவைச் சாத்திக்கொண்டு அவர் வீட்டுக்குள்ளேயே நடப்பார், குதிப்பார். சுபானின் பழைய துடுப்பை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொடுப்பார்.

ஞாயிறுக்கு ஞாயிறு தந்தம் வளர்ந்தது. உள்ளங்கை நீளம் மூன்று விரலாகி, ஒரு விரலாகி, ஒரு நகக்கண் அளவுக்கு வந்துவிட்டது. வீட்டில் மரியாதை கூடியிருக்கிறது என்று தலைவரே பாராட்டினார். இன்னும் ஒரு வாரம் என்றான் சுபான். கேவா பிறக்கப்போகும் பிள்ளைக்கு அப்பன் குலத்துப் பெயர் ஒன்றை யோசித்துக்கூட வைத்தாள்.

அடுத்த ஞாயிறு அளப்பதற்காக எழுந்தபோது மாசானின் கால்சட்டை நழுவிக் கீழே விழுந்தது. கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. சபை முதலில் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. கால்சட்டையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், மாசானின் விலா எலும்பை எண்ணுகிறவர் போலப் பார்த்தார்.

"கையை வாட விட்டவன் யார்?"

தலைவர் சுபான் பக்கம் திரும்பினார்.

"சுபான், இது சாதாரணத் திருட்டு இல்ல. நெல்லத் திருடினவன் ஒரு வீட்டத் திருடினான். கையத் திருடினவன் ஊரையே திருடினான். இந்தக் கை ஒரு விரல் மெலிஞ்சா இந்த ஊர்ப் பொண்ணுங்க அத்தனை பேரோட மானமும் ஒரு விரல் மெலியும்!"

கேவா பெண்கள் பக்கத்திலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஐயா, என் மானம் மாசான் மாமாவோட தொப்பையிலயா இருக்கு?"

"உக்காரும்மா. சபையில பொண்ணோட மரியாதையப் பத்திப் பேசறப்ப பொண்ணு குறுக்க பேசறது பொண்ணுக்கு மரியாதை இல்ல."

தண்டனை இதுதான். அளவுக்கை பழைய பருமனுக்கு வரும்வரை சுபான் ஊட்ட வேண்டும், மன்றத்து ஆள் ஒருவர் எதிரில் உட்கார்ந்து பார்ப்பார். பார்க்கிறவருக்கும் சாப்பாடு சுபானுடையது. மறுநாளே அவனுடைய கடைசிப் பன்றி, அதுவும் சினைப்பன்றி, கழுத்தில் கத்தி வாங்கியது.

ஆனால் அந்தக் கறி வேகும்போது மாசான் வீட்டில் இல்லை. கரையில் ஒரு படகை இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தக் காலத்தில் செய்த படகு அது. கயிற்றைப் பிடித்தவர்கள் ஒரே தாளத்தில் குரல் கொடுத்ததைக் கேட்டதும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிவப்புத் துணியை அவிழ்த்து மணலில் எறிந்துவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். சுபான் பார்க்கும்போது அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது, தடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அடியில் வைத்த உருளைக்கட்டை நழுவியது. படகு சாய்ந்தது. எல்லோரும் கையை விட்டார்கள். நெடுநாளைக்குப் பிறகு ஒன்றைப் பிடித்த மாசான் மட்டும் விடவில்லை. முழங்கைக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது.

எலும்பு கட்டுகிறவர் கட்டினார். கட்டு அவிழ்த்தபோது கை அரிவாள் மாதிரி வளைந்து நின்றது, நீட்டினால் நீளவில்லை. அதற்குள் கேவாவுக்கு நிறைமாதம்.

மன்றம் அவசரமாகக் கூடியது. வேறு கையை நியமிக்கலாம் என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். தலைவர் அவரை உட்கார வைத்தார். "புதுக் கை வந்தா பழைய கைல அளந்த கல்யாணமெல்லாம் என்ன ஆகும்? என் மூணு மகளுக்கும் இந்தக் கைதான் அளந்துச்சு. அவங்க புருஷன் வீட்டுல இருக்கறது செல்லுமா செல்லாதா? யோசிச்சுப் பேசுங்க. கை வளையலாம், மரபு வளையாது."

ஆகவே வளைந்த கையையே நீட்டினார் மாசான். நீட்டுவதாக நினைத்துக்கொண்டார் என்று சொல்ல வேண்டும். விரல் நுனியில் தந்தத்தின் கூர்முனையை வைத்தார்கள். அடிப்பக்கம் நெஞ்சுக்குழியைத் தாண்டியது. எதிர்த் தோளையும் தாண்டி, மாசானின் காதில் போய் இடித்தது.

சபையே எட்டிப் பார்த்தது. பிறகு சுபான் குழந்தை மாதிரி கத்தினான். "தொட்டுருச்சு! தாண்டியே போயிருச்சு!" பெண்கள் பக்கத்தில் கேவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லாமென் கண்ணைத் துடைத்தார். மாசான் வலியோடு பல்லைக் காட்டினார். அந்த ஒரு நிமிஷம்தான் அவர்கள் நால்வரும் சந்தோஷமாக இருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். ஒலிபெருக்கியும் கூடவே செருமியது.

"தோளளவுக்கு மேல. சந்தேகமே இல்ல. மன்றம் மனமார ஒத்துக்குது. லாமென், எதிர்ச்சீர் தயாரா?"

தந்தம் போனால் பெண் வீட்டிலிருந்து கையால் நூற்றுச் சாயம் தோய்த்த துணிகள் திரும்பி வர வேண்டும், அது முறை. நெஞ்சளவுக்கு ஒரு கட்டுத் துணி. அதைக் கேவாவும் அவள் அம்மாவும் கண் பூத்துப்போக நெய்து வைத்திருந்தார்கள். தோளளவுக்கு ஒரு அறை நிறையத் துணி வேண்டும். அந்தக் குலத்தில் அவ்வளவு துணியை யாரும் கண்டதில்லை.

லாமென் எழுந்து நின்றார். "ஐயா, எங்க வீட்டுல மிச்சம் இருக்கற துணி நாங்க உடுத்தியிருக்கறதுதான்."

"அப்ப இவ்ளோ பெரிய தந்தத்த உன் வீடு எப்படித் தாங்கும்? ஏழை வீட்டுக்குத் தகுதிக்கு மீறின தந்தம் போனா அது அந்த வீட்டுக்கு அவமானம். வாங்கக் கூடாது."

"எனக்கு எதிர்ச்சீரே வேணாங்க!" என்றான் சுபான்.

"வேணாம்னா, அவங்களப் பிச்சைக்காரங்கன்னு சபையில நீ சொல்றன்னு அர்த்தம்."

"அப்ப தந்தத்த அறுத்துக் குறைச்சுக்கறேன்."

சபை மொத்தமும் எழுந்துவிட்டது. முன்னோரை ரம்பம் போட்டு அறுப்பேன் என்கிறானே என்று ஒரு கிழவர் மார்பில் அடித்துக்கொண்டார். அவரை உட்கார வைக்கவே நேரமாயிற்று.

"அப்ப... நெஞ்சளவுன்னு சொல்லிருங்கய்யா. வாய்வார்த்தையா. இவ்ளோ பேர் இருக்கீங்க, ஒரு தடவ சொல்லிருங்க." சுபான் கைகூப்பினான்.

தலைவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "பொய் சொல்லச் சொல்றியேப்பா. மரபு மன்றத்தையா?"

கேவாவின் குலம் துணி நெய்து முடிக்கட்டும், அதுவரை தந்தம் சுபான் வீட்டிலேயே இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. கேவா தறியில் உட்கார முடியாத நிலையில் இருந்தாள். சுபான் தந்தத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வழியில் அதைக் கடலில் எறிந்துவிடலாமா என்று நினைத்தான். எறிந்தால் அதற்கும் ஒரு தீர்ப்பு இருக்கும் என்று தூக்கிக்கொண்டு நடந்தான்.

சோளம் அறுக்கிற வாரத்தில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. மறுநாள் காலையிலேயே மன்றம் வந்துவிட்டது. தலைவர், அவருக்குப் பின்னால் ஒலிபெருக்கி, அதற்குப் பின்னால் வளைந்த கைக்குப் புதுச் சிவப்புத் துணி சுற்றிய மாசான். கடைசியில், நடக்கவே பிடிக்காதவராக லாமென்.

சுபான் பிள்ளையைக் கையில் வைத்திருந்தான். புதிதாய் அப்பன் ஆனவர்கள் எல்லோரும் பிடிக்கிறபடிதான் பிடித்திருந்தான். தலை உள்ளங்கையில், உடம்பு முன்கையோடு, பாதம் முழங்கை மடிப்பில். அது அவன் முகத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"வருத்தப்படாத சுபான்" என்றார் தலைவர். வீட்டுக்குள் என்பதால் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "மன்றம் உன்னக் கைவிடல. நான் ராத்திரியெல்லாம் யோசிச்சு ஒரு நல்ல வழி கண்டுபிடிச்சிருக்கேன். இந்தப் பிள்ளை இப்ப யாரு? லாமென் குலம். லாமென் குலத்துப் பொண்ணு உங்க குலத்துக்கு யாரு?"

சுபானுக்குப் புரியவில்லை.

"முறைப்பொண்ணுய்யா! காலங்காலமா உங்க வீட்டுக்குப் பொண்ணு குடுக்கற குலம் அது. உங்கண்ணனுக்கு ஒரு பையன் இருக்கான்ல? உங்கண்ணன் மலேசியாவுலேர்ந்து வர்றானோ என்னமோ, அந்தப் பையனுக்குப் பெரியவனா நின்னு நீதான் பேசணும். முதல் உரிமை உங்க வீட்டுக்குத்தான். தந்தமும் உன்கிட்ட தயாரா இருக்கு. இவ வளந்ததும் முறையாக் கேட்டு, அளந்து குடுத்து, இதே வீட்டுக்கு இவளைக் கூட்டிக்கிட்டு வந்துரு. யாருக்கு வாய்க்கும் இப்படி?"

"இவ எம்மகங்க" என்றான் சுபான்.

"அது ரத்தம். நான் மரபச் சொல்றேன்."

கேவா மூட்டையைக் கட்டி முடித்துவிட்டாள். கட்டும்போது அவள் அழவில்லை. கிண்டல் செய்ய வாயெடுத்தாள், அதுவும் வரவில்லை. மூலையில் பூவும் பாயுமாகக் கிடந்த தந்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "விளக்குமாத்த மட்டும் அதுக்குப் பக்கத்துல வச்சுராத" என்றாள் கடைசியில். சொல்லிவிட்டு அவன் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

லாமென் கைகளை நீட்டிக்கொண்டு வந்தார். சுபான் பிள்ளையைக் கொடுக்காமல் நின்றான். அப்போதுதான் மாசான், இத்தனை நாளும் கல்யாண வீடுகளில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பழக்கத்தில், தன்னை அறியாமல் அவன் கையைப் பார்த்து முணுமுணுத்தார்.

"முழங்கை அளவு."

சொன்னதும் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தலைவர் அதைக் கேட்டு மகிழ்ந்து போனார். "கவலைப்படாத, வளந்துருவா" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். லாமென் பிள்ளையை எடுத்துக்கொண்டார். அவர்கள் போன பிறகும் சுபான் கையை அப்படியே நீட்டியபடி நின்றிருந்தான். மடக்கினால் அந்த அளவு போய்விடும்.